செல்ஃப் எடுக்காத ஜீப்

சென்ற மாதம் காரிமங்கலத்திலிருந்து ஒரு மெக்கானிக் போன் செய்தார். சொந்தமாக ஷெட் வைத்து நன்றாகத் தொழில் செய்கிறவர். அவரிடம் ஒரு கார் வந்திருக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. காரின் முதலாளிக்கு டிரைவர் மேல் சந்தேகம்.

"டிரைவர் வேலைதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், மத்தத நான் பாத்துக்கறேங்கறாருக்கா. பழைய கஸ்டமரு. என்ன பண்றதுன்னு தெரியல" என்றார்.

"வண்டியில என்ன கோளாறு?"

"இன்னும் பானட்டத் தொறக்கலக்கா."

நான் அவரைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக, எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் சேர்ந்து போடும் ஆண்டு மலரில் எழுதச் சொல்லி என்னை மாட்டிவிட்டார். 'கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? ஐந்தே நிமிடத்தில் காரணம் கண்டுபிடிக்கலாம்' என்று எனக்குத் தலைப்பும் கொடுத்தார்கள். அந்தத் தலைப்பில் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் காரணம் கண்டுபிடிக்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டையே. நான் எழுதுவதைப் போடுவதானால் போடட்டும், வேண்டாமென்றால் திருப்பி அனுப்பட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறைத் தானே படித்துக் காட்டும் ஸ்கேனர் வந்து எங்கள் தொழில் கெட்டுப்போய்விட்டது என்று புலம்புகிறவள் நான் இல்லை. நல்ல கருவி. வந்த புதிதிலேயே நானும் கற்றுக்கொண்டேன். மல்லாந்து படுத்துத் தேடிக் கொண்டிருந்ததை உட்கார்ந்து பார்க்க முடிகிறது, என் முதுகு அதற்கு நன்றி சொல்லும். கருவிதான் மாறியிருக்கிறது. வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் மாறவில்லை. வண்டி நின்றுபோனால் அவர்களுக்குக் காரணம் போதாது, ஒரு ஆள் வேண்டும்.

நான் தர்மபுரியில் சத்தார் பாய் ஷெட்டில் காயில் கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். செல்ஃப் மோட்டார், டைனமோ இவற்றின் உள்ளே செம்புக்கம்பி சுற்ற வேண்டும். பொறுமையான வேலை என்று பெண்களுக்குக் கொடுப்பார்கள். எனக்குப் பொறுமை கிடையாது, ஆனால் கைவேலை சுத்தம். வீட்டுக் கஷ்டம், புருஷன் விட்டுப்போனது என்று அந்த வருடங்களை நீட்டினால் அது பலர் வீட்டிலும் இருக்கும் கதைதான். ஷெட்டின் பின்பக்கம் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தவள், நான் கட்டிய மோட்டார் வண்டியில் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்க முன்பக்கம் போக ஆரம்பித்தேன். பிறகு திரும்பிப் பின்பக்கம் போகவில்லை. யாரும் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

சத்தார் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டி வந்தால் பானட்டைத் திறக்க மாட்டார். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியையும் ஏற்றிவிடுவார். கொண்டுவந்தவர் வெளியே நின்று "பாட்டரிதான் பாய், போன வாரமே சொன்னேன்" என்று கத்திக்கொண்டிருப்பார். பாய் காதில் விழாது. சாவியைப் பாதி திருப்பி டாஷ்போர்டு விளக்குகளைப் பார்ப்பார். ஹெட்லைட்டைப் போட்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி முழுச்சாவியும் திருப்புவார்.

செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றிவிட்டும் வண்டி பிடிக்கவில்லை என்றால் அது எண்ணெய், காற்று என்று வேறு பக்கம் போகும் கோளாறு. சுற்றவே இல்லை என்றால் கரண்ட் கோளாறு. அப்படிச் சுற்றாதபோது சுவரில் விழும் வெளிச்சம் அப்படியே நின்றால், மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை. வெளிச்சம் செத்துப்போனால் ஒன்று பாட்டரியில் சரக்கில்லை, அல்லது மோட்டார் இறுகிக் கிடக்கிறது, அல்லது கரண்ட் திரும்பி வரும் வழியில் அடைப்பு. இந்த மூன்றில் எது என்பதைச் சுவர் சொல்லாது. அதற்குத்தான் டெஸ்ட் லைட். ஒரு பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். பாய் அதைச் சட்டைப் பையில் வைத்திருப்பார்.

அவர் ஷெட்டில் ஒரு சொல்லுக்குத் தடை. 'இருக்கலாம்'. பாட்டரியா இருக்கலாம், கார்பனா இருக்கலாம் என்று யாராவது சொன்னால் வேலையைப் பிடுங்கிக்கொள்வார். "இருக்கலாம்னா வூட்ல போயி இரு" என்பார். ஒரு பொருளைக் கழற்றுவதற்கு முன்னால் அதுதான் கெட்டது என்று விளக்கு எரிந்து காட்ட வேண்டும். கடைசி வரை நானும் அப்படித்தான் செய்தேன். இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு ஈடாக யாரையும் நான் பார்த்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும்.

வெளியூருக்கு ஷெட்டிலிருந்து என்னை அனுப்பியபோது நடந்த ஒன்று. அரூரில் புளி வியாபாரம் செய்கிற ஒருவருடைய கார் காலையில் சாவிக்கு அசையவில்லை. நான் போய் இறங்கியதும், "ஆம்பள யாரும் வரலையா?" என்றார். "ஆம்பளைங்க தொட்டுத்தானே இப்படி நிக்குது" என்றேன். பக்கத்து வீட்டில் அவருடைய தம்பி. இருவருக்கும் பாகத்தகராறு. தம்பி ஒயரை அறுத்துவிட்டான் என்று தெருவே கூடியிருந்தது. தம்பியும் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். நான் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஒயர் அறுந்துதான் இருந்தது. பானட் மூடியின் அடிப்பக்கத்தில் எலி ஒன்று கூடு கட்டியிருந்தது, புளியம்பழ ஓடுகளையும் அந்த வீட்டம்மா புடவையின் கிழிசலையும் வைத்து. குஞ்சுகளும் இருந்தன. எடுத்துக் காட்டினேன். அந்த மனிதருக்கு அது பிடிக்கவே இல்லை. ஒயரைச் சேர்த்து வண்டியை எடுத்துக் காட்டிய பிறகும், "எலிய உள்ள விட்டது யாரு?" என்றார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது சிரித்துவிட்டுத்தான் வந்தேன். கடத்தூர்ப் பக்கத்து ஜீப் வந்தபோது சிரிக்க முடியவில்லை.

அந்த ஜீப் பெரியவர் மாரப்பனுடையது. தோப்பும் காடும் உள்ள குடும்பம். அவர்கள் வகையறா முழுக்க டிராக்டர், டெம்போ, கார் என்று எது ரிப்பேரானாலும் சத்தார் பாய் ஷெட்டுக்குத்தான் வரும். ஜீப்பை ஓட்டுகிறவன் சின்னராசு. அதே ஊர்க்காரன். பல வருடமாகப் பெரியவரிடம் இருந்தான். எனக்கு அவனைப் பிடிக்காது. ஜீப்பைக் கொண்டுவந்தால் என்னைத் தொடவிட மாட்டான். "பாய் வரட்டும்" என்று பானட் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பான். நானும் விடமாட்டேன், அவன் கையைத் தட்டிவிட்டுத்தான் திறப்பேன்.

மழைக்காலத்தில் ஒரு மாலை, ஜீப்பின் மட்கார்டில் விழுந்த கீறலுக்காகப் பெரியவரின் மகன் செல்வம், சின்னராசுவைத் தெருவில் வைத்துக் கண்டபடி பேசிவிட்டான். சின்னராசுவும் ரோஷக்காரன். "நாளையிலேர்ந்து வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் விடிகாலையில் பெரியவருக்கு நெஞ்சுவலி. செல்வம் ஜீப்பில் ஏறிச் சாவி போட்டான். டொக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். செம்மண் வாசல், முந்தின நாள் மழையில் கொழகொழவென்று கிடந்தது. சக்கரம் புதைந்ததே தவிர வண்டி நகரவில்லை. கடைசியில் தக்காளி ஏற்றப்போன ஒரு டெம்போவை மறித்து, பெரியவரைக் கூடைகளுக்கு நடுவில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். தர்மபுரி வருவதற்குள் போய்விட்டார்.

சின்னராசு ராத்திரி வந்து ஜீப்பில் ஏதோ பண்ணிவிட்டான் என்று எழவு வீட்டிலேயே முடிவாகிவிட்டது. அடித்திருக்கிறார்கள். பிறகு ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள்.

டிராக்டரில் கயிறு கட்டி ஜீப்பை எங்கள் ஷெட்டுக்கு இழுத்துவந்தார்கள். செல்வம் மொட்டைத் தலையோடு வந்தான். கூட அவன் பெரியப்பா, ஒரு ஏட்டு.

"அவன் என்ன பண்ணான்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க பாய்" என்றான் செல்வம்.

பண்ணினானா என்று கேட்கவில்லை, என்ன பண்ணினான் என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அப்பனைத் தக்காளிக் கூடைக்கு நடுவில் சாகவிட்டவன் அப்படித்தான் கேட்பான்.

பாய் வழக்கப்படி உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். டாஷ்போர்டில் விளக்கு நன்றாக எரிந்தது. ஹெட்லைட் சுவரில் பளிச்சென்று விழுந்தது. முழுச்சாவி திருப்பியதும் டொக். சுவரில் வெளிச்சம் செத்தது. பாய் இறங்கி வந்து டெஸ்ட் லைட்டை என்னிடம் கொடுத்தார். எனக்கும் அந்த நேரத்தில் சின்னராசு ஏதோ செய்திருப்பான் என்றுதான் பட்டது. இல்லை என்று சொன்னால் பொய்.

விளக்கின் ஒரு ஒயரைப் பாட்டரியின் ப்ளஸ்ஸிலும் இன்னொன்றை மைனஸிலும் வைத்தேன். பாய் சாவி திருப்பினார். டொக். ஹெட்லைட் செத்தது, ஆனால் என் கையிலிருந்த விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை. பாட்டரியில் குறையில்லை என்று அர்த்தம். மோட்டார் இறுகிக் கிடந்தால் அது கரண்டை இழுத்து என் விளக்கையும் மங்க வைத்திருக்கும். அதுவும் இல்லை. பிறகு ஒரு ஒயரை மைனஸிலேயே விட்டு, இன்னொன்றை எஞ்சின் உடம்பில் வைத்தேன். இந்த இரண்டும் ஒரே இடம் மாதிரி. நடுவில் எர்த் ஒயர் சேர்த்து வைத்திருக்கிறது. அங்கே விளக்கு எரியவே கூடாது. பாய் சாவி திருப்பினார். எரிந்தது.

பாட்டரியிலிருந்து போகிற கரண்ட் எஞ்சின் வழியாகத் திரும்பி வர முடியவில்லை. எர்த்தில் அடைப்பு. உறுதி செய்துகொள்ள ஒரு கனமான ஒயரை எடுத்து மைனஸையும் எஞ்சினையும் நேராகச் சேர்த்துப் பிடித்தேன். சாவி திருப்பியதும் ஜீப் உடனே பிடித்துக்கொண்டது. நாள் முழுக்க ஓடத் தயாராக இருந்த வண்டி மாதிரி அமைதியாக ஓடிக்கொண்டு நின்றது.

செல்வம் அந்தச் சத்தத்தைக் கேட்டு அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். "இவ்வளவுதானா?" என்றான்.

பெரியப்பா மட்டும் கலங்கவில்லை. "எர்த் ஒயரக் கழட்டி வுட்டுட்டான் நாயி. எழுதிக்குங்க ஏட்டய்யா" என்றார்.

"நான் இன்னும் பாக்கலங்க" என்றேன்.

எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு ஜீப்புக்கு அடியில் போனேன். பாட்டரியிலிருந்து வரும் எர்த் ஒயர், எஞ்சினைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸில் ஒரு போல்ட்டில் முடிகிறது. ஒயரின் முனையை விரலால் அசைத்தேன். லேசாக ஆடியது. லூசு. பெரியப்பா சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன்.

போல்ட் தலை வெள்ளையாக மின்னியது. சில்வர் பெயிண்ட். போல்ட் மட்டுமில்லை, ஒயரின் முனை, அதைச் சுற்றியிருந்த சேசிஸ், பாட்டரி உட்காரும் தட்டு எல்லாவற்றுக்கும் அதே பெயிண்ட். போல்ட் தலையின் நடுவில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூசைக்கு இரும்பென்று இருப்பதையெல்லாம் கழுவி, துருவைத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஏர், மண்வெட்டி, கிணற்று மோட்டார், வண்டி எதுவும் தப்பாது. அவரவர் தொழிலுக்குச் செய்கிற மரியாதை. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைத் தேய்த்தவர், பெயிண்ட் அடிக்காமல் வெறும் இரும்பாகத் திரும்ப முடுக்கியிருக்க வேண்டும். இரும்பும் இரும்பும் தொட்டால்தான் கரண்ட் போகும். இவர் எல்லாப் பக்கத்துக்கும் பெயிண்ட் அடித்து, ஈரத்தோடு சேர்த்து முடுக்கி, மேலேயும் ஒரு பூச்சுப் பூசியிருக்கிறார். போல்ட்டின் மரையில் பட்ட கொஞ்ச இடத்தை வைத்துக்கொண்டு ஜீப் சில வாரம் ஓடியிருக்கிறது. ஆட்டத்தில் உள்ளேயிருந்த பெயிண்ட் தூளாகி, ஒயர் தளர்ந்து, அந்தக் கொஞ்ச இடமும் கருகி, ஒரு விடிகாலையில் நின்றுபோனது.

ஸ்பேனரை வைத்திருந்தால் பெயிண்ட் உடைந்திருக்கும். சந்தனம் உதிர்ந்திருக்கும். போல்ட் தலையில் ஒரு கீறல்கூட இல்லை. பூசைக்குப் பிறகு அந்தப் போல்ட்டை ஒருவரும் தொடவில்லை.

நான் ஸ்பேனரை எடுக்கவில்லை. வெளியே வந்து ஏட்டைக் கூப்பிட்டேன். "நான் தொடறதுக்கு முன்னாடி நீங்களே குனிஞ்சு பாத்துருங்க. நாளைக்கு நான்தான் பூசிட்டேன்னு யாராச்சும் சொல்லுவாங்க" என்றேன். அவர் முனகிக்கொண்டே குனிந்தார். செல்வமும் குனிந்தான். அதற்குப் பிறகுதான் போல்ட்டைக் கழற்றினேன். பெயிண்ட் படபடவென்று உடைந்தது. ஒயர் முனையைத் திருப்பிக் காட்டினேன். உள்பக்கம் முழுக்க சில்வர், நடுவில் மட்டும் கருகல்.

"ஆயுத பூசைக்கு அப்பாதான்..." என்ற செல்வம் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

பாய் என்னைத் தனியே கூப்பிட்டார். "எர்த் ஒயர் லூசு. அத மட்டும் சொல்லு. அது பொய் இல்லையேம்மா" என்றார்.

பொய் இல்லைதான். அதனால்தான் எனக்குக் கோபம் பொங்கியது. 'இருக்கலாம்' என்ற சொல்லைப் பொறுக்காத மனிதர், மூன்று சொல் உண்மையைச் சொல்லி ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பலாம் என்கிறார். "லூசுன்னா, யாரு லூசு பண்ணாங்கன்னு கேப்பாங்க பாய். அதுக்கும் பதில் கையில இருக்குதே" என்றேன். ஏட்டிடம் முழுவதும் சொன்னேன். பெரியப்பா, "கம்பி சுத்தறவளுக்கு என்னா தெரியும்?" என்றார். "நீங்க வேற நல்ல மெக்கானிக்கக் கூட்டியாங்க, அவங்களும் பாக்கட்டும். நான் இங்கதான் இருப்பேன்" என்றேன். அவர் யாரையும் கூட்டிவரவில்லை.

போகும்போது செல்வம் என்னிடம் வந்தான். "சின்னராச இன்னிக்கே வுடச் சொல்லிடறேன். கேஸு வாணாம். ஆனா எங்கப்பா பேரு இதுல வெளிய வரக்கூடாது. அவரு கையாலயே அவரு போயிட்டாருன்னு ஊரு பேச வாணாம்." நான் பதில் சொல்வதற்குள் பாய், "வராதுப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

சின்னராசுவை விட்டுவிட்டார்கள். முடிந்தது என்று நானும் நினைத்தேன். சில நாள் கழித்துக் கடத்தூரிலிருந்து ஒரு டெம்போக்காரர் வந்தார். டீ குடித்துக்கொண்டே, "பெரிய மனசு பண்ணி வுட்டுட்டாங்க. வேற குடும்பமா இருந்தா பெரியவரக் கொன்னவன உசுரோட வுட்டிருப்பாங்களா?" என்றார். சின்னராசு வீட்டை விட்டு வெளியே வருவதில்லையாம். வண்டி கொடுக்க ஆளில்லை. அவன் பெண்டாட்டி தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகுகிறார்களாம். ஏன் விட்டார்கள் என்று ஊருக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தை ஊர் தானே நிரப்பிக்கொண்டது.

அன்று முழுக்க எனக்கு ஸ்பேனர் கையில் நிற்கவில்லை. அவன்மேல் இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் கண்ணால் நான் பார்த்தது ஒன்று, ஊர் சொல்வது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் என்னை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்கிறார்கள். அந்தக் கோபம்தான். பெரியவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் போகப்போகிறேன் என்று பாயிடம் சொன்னேன்.

"போனா திரும்பி வராத" என்றார்.

"வருவேன்" என்றேன்.

வரத்தான் செய்தேன். காரியத்துக்கு மறுநாள் காலையில் வந்து என் இடத்தில் உட்கார்ந்து வேலையை எடுத்தேன். அவர் வெளியே போ என்றும் சொல்லவில்லை, நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அந்த வகையறாவின் வண்டிகள் ஒன்றும் பிறகு எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஷெட்டுக்கு அது பெரிய அடிதான். துக்க வீட்டில் போய் அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் சிலர் என்னைக் கேட்கிறார்கள். சொல்லியிருக்க வேண்டும். ஊர் கூடியிருக்கும் இடத்தில்தான் பழி விழுந்தது, அங்கேதான் அதை எடுக்க வேண்டும். இதில் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

காரிய வீட்டில் பந்தல் போட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஜீப் ஓரமாக நின்றது. செல்வம் என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தான். நான் சுற்றி வளைக்கவில்லை. பந்தலின் நடுவில் நின்று, "நான் தர்மபுரி சத்தார் பாய் ஷெட்டு ருக்குமணி. இந்த ஜீப்பப் பாத்தவ. சின்னராசு இதத் தொடல. ஆயுத பூசைக்கு எர்த் போல்ட்டுல அடிச்ச பெயிண்டால வண்டி நின்னுபோச்சு" என்றேன்.

பெரியப்பா இலையிலிருந்து எழுந்துவிட்டார். "எழவு வூட்ல வந்து என்னா பேச்சு பேசற? வெளிய போ."

"போறேங்க. செல்வம் ஒரு வார்த்தை சொல்லட்டும், போயிடறேன். அவரும் குனிஞ்சு பாத்தாரு."

செல்வம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். யாரோ என் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டேன். அப்போது உள்ளே இருந்து ஒரு குரல், "அவள வுடுங்க" என்றது.

பெரியவரின் மனைவி மாதம்மா. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படி வரை வந்தார். வெறும் நெற்றி, வெறும் கழுத்து. என்னைப் பார்க்காமல் மகனைப் பார்த்துக் கேட்டார்.

"எந்த போல்ட்டுடா?"

"பாட்டரிக்குக் கீழ இருக்கறதும்மா."

"சில்வர் பெயிண்ட்டா?"

"ஆமாம்மா."

"பெயிண்ட்டு மேல பொட்டு இருந்துச்சா?"

செல்வம் என்னைத் திரும்பிப் பார்த்தான். "இருந்துச்சுங்கம்மா. சந்தனம் வெச்சு, அதுமேல குங்குமம்" என்றேன் நான்.

"கலையாம இருந்துச்சா?"

"கொஞ்சங்கூடக் கலையலங்கம்மா. நான்தான் கழட்டும்போது கலைச்சேன்."

அந்த அம்மாள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரு படுத்துக்கிட்டு பெயிண்ட் அடிச்சாரு. எனக்குக் குனிய முடியல, என் கையப் புடிச்சு உள்ள வுட்டு, இங்க ஒண்ணு வையின்னாரு. அந்தப் பொட்டு நான் வெச்சது." பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "நான் வெச்சது வெச்சபடி இருந்துச்சுன்னா சின்னராசு அங்க கைய வெக்கல. பாவத்தக் கட்டிக்கிட்டோம்டா. நீயே போயி அவனக் கூட்டியா. ஆள அனுப்பாத, நீ போ."

செல்வம் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினான். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அந்த அம்மாள் திரும்பிப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முழுவதும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் இருவரும் வந்தார்கள். சின்னராசு முகத்தில் ஒரு பக்கம் இன்னும் வீங்கியிருந்தது. அவன் பந்தலுக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்று அந்த அம்மாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அவர் இறங்கிப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்புட வாப்பா" என்றார்.

"சோறு வாணாம்மா. அவரக் கொன்னவன்னு சொன்னாங்கல்ல, அவங்க எல்லாரும் இருக்கறப்ப, நான் கொல்லலன்னு நீ ஒருவாட்டி சொல்லு. அது போதும்" என்றான்.

அவர் சொன்னார். சத்தமாகவே சொன்னார். கேட்டுவிட்டு அவன் திரும்பி நடந்தான். ஜீப்பைக் கடந்துதான் போனான், அதன் பக்கம் பார்க்கவே இல்லை. என்னையும் பார்க்கவில்லை.

என்னைப் போகச் சொன்னவர்கள் யாரும் மறுபடி போகச் சொல்லவில்லை. காலியாக இருந்த ஓர் இலையின் முன்னால் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் தயங்கி நின்றார். போடுங்கள் என்றேன். சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.